மூக்குறிஞ்சலுக்குச் சொந்தக்காரி

சின்னவள் பாடிய பாட்டுகள் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவள் குரலை வெளியே ஒருவரும் கேட்டதில்லை. இதில் மர்மம் ஒன்றுமில்லை, வேலை அப்படி. ட்ராக் பாடுவது என்று அதற்குப் பெயர். இசையமைப்பாளர் ஒரு பாட்டைத் தயார் செய்துவிடுவார். பாட வேண்டிய பெரிய பாடகி அன்றைக்குப் பார்த்து வெளியூரில் இருப்பார், அல்லது தொண்டை கட்டியிருக்கும். அதுவரை பாட்டு சும்மா கிடக்கக் கூடாதே என்று ஒரு சின்னப் பாடகியைக் கூப்பிட்டு முழுசாகப் பாடவைத்துப் பதிவு செய்துகொள்வார்கள். பெரியவர் சாவகாசமாக வந்து, அதைக் காதில் மாட்டிக் கேட்டுக் கேட்டு, அதே இடத்தில் ஏறி, அதே இடத்தில் இறங்கிப் பாடிவிட்டுப் போவார். அவர் கார் கிளம்பியதும் சின்னவளின் குரலை அழித்துவிடுவார்கள். துணி தைப்பவர்கள் முதலில் பெரிய பெரிய தையலாகக் கையால் ஓட்டிவிட்டு, மெஷின் தையல் விழுந்ததும் அந்த நூலை உருவி எறிவார்களே, சின்னவள் அந்த நூல்.

பகலில் அவளுக்கு வேறு வேலை. ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்ப வேண்டும். உள்ளே மெஷின் சத்தம் கேட்டதும் வெளியே இருப்பவர்களின் முகம் வெளுக்கும். சிலர் சத்தம் போடாமல் செருப்பைத் தேடுவார்கள். அந்த நேரத்தில் சின்னவள் மெதுவாக எதையாவது முணுமுணுக்க ஆரம்பிப்பாள். செருப்பைத் தேடியவர்கள் திரும்ப உட்கார்ந்துவிடுவார்கள். டாக்டர் இதைக் கவனித்தாரோ என்னவோ, கண்டிக்கவில்லை.

அப்படி ஒரு நாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்த ஒரு மனிதர், வாயில் பஞ்சும் கன்னத்தில் வீக்கமுமாக அவள் மேஜை முன்னால் நின்று எதையோ சொல்ல முயன்றார். "ங்... நீ... ஆடு" என்றார். சின்னவள் மாத்திரைச் சீட்டை நீட்டினாள். அவர் வேகமாகத் தலையாட்டி மறுத்தார். தண்ணீர் கொடுத்தாள். அதுவும் இல்லை. கடைசியில் கையை வாய்க்கு முன்னால் மைக் மாதிரி பிடித்துக் காட்டினார். பின்னாலிருந்த ஒரு பெண்மணி, "பாவம், மயக்க மருந்து தலைக்கு ஏறிடுச்சு போல" என்று இடத்தை மாற்றிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து வாய் சரியானதும் வந்து விஷயத்தைச் சொன்னார். அவர் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் சவுண்ட் இன்ஜினியர். "ஒரு ட்ராக் பாடணும். வழக்கமா பாடுற பொண்ணு கல்யாணம் ஆகிப் போயிடுச்சு. வர்றீங்களா?"

"வலி குறைஞ்சிருச்சா சார்?" என்று முதலில் கேட்டாள் சின்னவள். வேலைப் பழக்கம்.

வீட்டில் அவருக்குப் 'பல்வலிக்காரர்' என்றே பெயர் நிலைத்தது. வீடு என்றால் அம்மா, அண்ணன், அண்ணி, சின்னவள். ஐந்தாவது மாடி. லிஃப்ட் உண்டு. அதன் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது. அட்டை நைந்துபோனதும் புது அட்டை மாட்டினார்கள். லிஃப்டைத்தான் யாரும் தொடவில்லை.

அவள் ட்ராக் பாடிய முதல் பாட்டு வெளிவந்த அன்று நாலு பேரும் கூடத்தில் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாட்டு தொடங்கியது. அம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"இது நீ இல்லையேடி."

"நான்தான் சொன்னேனேம்மா. இது மேடம். நான் பாடினதைக் கேட்டு அவங்க பாடுவாங்க."

"அப்போ நீ எதுக்குப் போன?"

"வழி காட்டத்தான்."

"வழி காட்டினவளை வாசல்லயே நிறுத்திட்டாங்களாக்கும்" என்றாள் அண்ணி. அப்போது பாட்டின் நடுவில், இரண்டாவது சரணம் தொடங்கும் முன், மேடம் மூக்கை ஒரு தடவை மெல்ல உறிஞ்சினார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இரு, இரு. இன்னொரு தடவை போடு."

போட்டார்கள். மறுபடியும் அதே உறிஞ்சல்.

"இது நீதான்! ஜலதோஷம் பிடிச்சா நீ இப்படித்தான் உறிஞ்சுவே. சின்ன வயசுலேருந்து கேக்குறேன், எனக்குத் தெரியாதா?"

உண்மைதான். ட்ராக் பாடிய அன்று சின்னவளுக்குச் சரியான சளி. மேடம் தொழிலில் படு கண்டிப்பானவர். ட்ராக்கில் என்ன இருக்கிறதோ அதை ஒரு முடி பிசகாமல் திருப்பிப் பாடுவார். சளியையும் சேர்த்துப் பாடிவிட்டார்.

பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதே இடத்தில் ஒன்றாக மூக்கை உறிஞ்சினார்கள். மூன்றாவது மாடியில் இருந்த கணக்கு வாத்தியார் படியில் வழிமறித்து, "அந்த ஒரு விம்மல் இருக்கு பாருங்க, அதுல ஒரு பொண்ணோட வாழ்க்கையே இருக்கு" என்று கண் கலங்கினார். அம்மா அவரிடம், "அது எங்க வீட்டு விம்மல்" என்றாள் பெருமையாக. அவருக்குப் புரியவில்லை. அம்மா விளக்கியதும் இன்னும் புரியவில்லை.

சின்னவள் வீட்டில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் ஆஸ்பத்திரி முன்னறையில் யாராவது அந்தப் பாட்டை முணுமுணுக்கும்போது, "சார், அது நான்" என்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிட்டு, "அடுத்து நீங்கதான், போங்க" என்பாள்.

அவள் சொந்தமாகவும் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள் என்பது அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். கட்டுகிற இடம் மாடிப்படி. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது இரண்டு கையிலும் காய்கறிப் பை, வாயில் பாட்டு. தளத்துக்குத் தளம் நின்று பையைக் கைமாற்றிக்கொள்கிறபோதுதான் மூச்சு வாங்குவாள். அதனால் அவள் பாட்டில் வரிகளும் மாடிப்படி அளவுக்கே இருந்தன. மூன்றாவது மாடியில் மட்டும் வாத்தியார் வழிமறித்துவிடுவாரே என்று நிற்காமல் ஓடுவாள். அந்த இடத்தில் ஒரு நீளமான வரி விழுந்தது:

'பையை ஒரு கையில, சாவியை ஒரு கையில, மனசை எந்தக் கையில பிடிக்கிறதுன்னு தெரியாம நிக்கிறேன்டா.'

அண்ணி இதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "யாருடி அந்த 'டா'?" என்றாள்.

"பாட்டுக்காகச் சும்மா போட்டது அண்ணி."

"சும்மா யாரும் நிக்கமாட்டாங்க. சரி, பாட்டு நல்லா இருக்கு. இதைப் போய் உன் சார்கிட்ட பாடிக் காட்டு. இங்க கத்திரிக்காய்கிட்ட பாடி என்ன ஆகப் போகுது?"

இசையமைப்பாளருக்கு அப்போது ஒரு பாட்டு குறைந்தது. ஒரு கம்பெனி மேடத்தின் குரலில் தனிப்பாட்டுகளாக ஒரு தொகுப்பு வெளியிடுவதாக இருந்தது. கடைசிப் பாட்டுக்காக அவர் கட்டிய மெட்டுகளில் ஒன்றும் அவருக்கே பிடிக்கவில்லை. சின்னவள் தயங்கித் தயங்கிப் பாடிக் காட்டியபோது அவர் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"மெட்டு?"

"அதுவும்தான் சார்."

"ஏம்மா, இத்தனை நாளா இதை எங்க வச்சிருந்தே?"

"மாடிப்படியில சார்."

அவர் சிரிக்கவில்லை. பாட்டில் மூழ்கிவிட்டார். "ரொம்ப நல்லா இருக்கு. எழுதினது, மெட்டுப் போட்டது எல்லாம் உன் பேர்லயே வரும். ஒரு வார்த்தை மாத்தமாட்டேன். நாளைக்கு வந்து ட்ராக் பாடிடு."

சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "சார், இதை நானே பாடட்டுமா? ட்ராக்கா இல்ல. பாட்டா" என்றாள்.

அவர் நல்ல மனிதர். அதனாலேயே நேராகச் சொன்னார். "கம்பெனி மேடத்தோட குரலைக் கேட்டுத்தான்மா இதை எடுக்குது. இதுல ஒண்ணு மட்டும் வேற குரல்னா ஒத்துக்கமாட்டாங்க. நான் கேட்டுப் பார்க்கலாம். பிரயோஜனம் இருக்காது."

அன்று இரவுச் சாப்பாட்டில் வீடே கூடி ஆலோசித்தது. அண்ணன் நியாயம் பேசினான். "பேர் வருதுல்ல? அது போதாதா? குரல் யாருதா இருந்தா என்ன?"

"உங்க கல்யாணத்துக்கு உங்க தம்பியை மாலை போட்டுக்கச் சொல்லியிருந்தா சும்மா இருந்திருப்பீங்களா?" என்றாள் அண்ணி.

"எனக்குத் தம்பி இல்லையே."

"இல்லாததாலதான் தப்பிச்சீங்க." அண்ணி சின்னவள் பக்கம் திரும்பினாள். "ஏய், நான் ஒரு வழி சொல்றேன். மேடம் அப்படியே காப்பி அடிக்கிறவங்கதானே? நடுவுல ஒரு தும்மல் போடு. சரணத்துல விக்கல் எடு. அவங்களும் விக்குவாங்க. கம்பெனிக்காரன் காதைப் பொத்திட்டு ஓடுவான். அப்புறம் உன்னைத்தான் கூப்பிடணும்."

"ஊர் சிரிக்கும்டி" என்றாள் அம்மா.

"எங்க சிரிக்கும் அத்தை? மூக்குறிஞ்சலுக்கே கண்ணீர் விட்டாங்க. விக்கலுக்கு விருதே குடுத்துருவாங்க."

அதிலிருந்த நியாயம் சின்னவளைப் பயமுறுத்தியது. மறுநாள் மைக் முன்னால் நின்றபோது விக்கல் உண்மையிலேயே தொண்டை வரை வந்துவிட்டு, உத்தரவு கேட்பது போல் நின்றது. அவளுக்கு மனசு வரவில்லை. தானே கட்டிய பாட்டின் முகத்தில் தானே எப்படிக் கரியைப் பூசுவது? எப்போதும் போல ஒரே தடவையில் பாடிவிட்டு வந்தாள். படி ஏறுகிற நினைப்பிலேயே பாடினாள். எப்படியும் அழியப் போகிற குரல்தானே என்று எதற்கும் மெனக்கெடவில்லை.

அடுத்த வாரம் மேடம் வந்தார். பாட்டு எழுதியவள் என்பதால் இந்தத் தடவை சின்னவளையும் உட்காரச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இசையமைப்பாளர், பல்வலிக்காரர், சின்னவள். அந்தப் பக்கம் மேடம், காதில் சின்னவளின் குரலை மாட்டிக்கொண்டு.

முதல் இரண்டு வரி தேனாக வந்தது. நீள வரியில் ஏறியவர், 'மனசை எந்தக் கையில' என்கிற இடத்தில் காற்றுப் போன பலூன் மாதிரி நின்றுவிட்டார். மறுபடி எடுத்தார். மறுபடியும் அதே இடம். தண்ணீர் குடித்தார், புடவையைத் தளர்த்திக்கொண்டார், நாற்காலி கேட்டார், நாற்காலி வேண்டாம் என்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"மேடம், வரியை ரெண்டா வெட்டிடலாமா?" என்றார் இசையமைப்பாளர்.

"ட்ராக்குல அந்தப் பொண்ணு ஒரே மூச்சுல போயிருக்கா. நான் மட்டும் ஏன் வெட்டணும்? யார் அது? வரச் சொல்லுங்க."

சின்னவள் உள்ளே போய் நின்றாள். இத்தனை பாட்டு பாடியும் மேடத்தை நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நீயா? அந்த மூக்குறிஞ்சல் பாட்டுக்கும் நீதானே ட்ராக்?"

"ஆமா மேடம்."

"அந்த இடத்துல என்ன பாவம் நினைச்சுப் பாடினே?"

"ஜலதோஷம் மேடம்."

மேடம் அவளையே பார்த்தார். "நான் அதை ரெண்டு நாள் வீட்ல ப்ராக்டிஸ் பண்ணேன்" என்றார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்கள்.

"சரி, சொல்லு. இந்த வரில எங்க மூச்சு வாங்குறே?"

தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும், பாட்டு தன்னிடமே திரும்பி வந்துவிடலாம். சின்னவளுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. அண்ணி பக்கத்தில் நின்றிருந்தால் இடுப்பில் கிள்ளியிருப்பாள். ஆனால் கேட்கிற முகத்தில் வியர்வை இருந்தது. கேட்பது தெரிந்துகொள்வதற்குத்தான், அதட்ட அல்ல. சின்னவள் மாடிப்படியைச் சொன்னாள், பையைக் கைமாற்றுவதைச் சொன்னாள், வாத்தியாருக்குப் பயந்து ஓடுவதைக்கூடச் சொன்னாள்.

மேடம் செய்து பார்த்துவிட்டார். ஒரு கையில் தன் கைப்பை, ஒரு கையில் இசையமைப்பாளரின் லேப்டாப் பை, நின்ற இடத்திலேயே படி ஏறுவது போல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து. மூன்றாவது மாடி வரை ஜோராகப் போனது. அதற்கு மேல் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"முடியலம்மா. எங்க வீட்ல லிஃப்ட் ஓடுது." பைகளைக் கீழே வைத்தார். "சார், என்னால மூச்சுப் பிடிச்சுப் பாட முடியும். ஆனா பிடிக்கிறது வெளில தெரியும். இது இவ மூச்சுக்குத் தச்ச சட்டை. எனக்குக் கையே நுழையல. கம்பெனிக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். இவளையே பாடச் சொல்லுங்க. முதல்ல கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணட்டும்."

சொன்னபடி போன் பண்ணிவிட்டுத்தான் காரில் ஏறினார். கம்பெனிக்காரர், சாயங்காலத்துக்குள் பாட்டைப் போட்டுக் காட்டினால் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் பாட்டே வேண்டாம் என்றாராம்.

"ட்ராக்கையே போட்டுக் காட்டிடலாமா?" என்றார் பல்வலிக்காரர்.

"சேச்சே, அது ட்ராக்கு. நல்ல மைக்ல ஒழுங்கா எடுப்போம்" என்றார் இசையமைப்பாளர்.

மேடத்தின் மைக் முன்னால் சின்னவள் நின்றாள். இப்போது பாடுவது நிற்கும், அழியாது என்று நினைத்ததுமே கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தாள். எங்கும் இடறவில்லை. திறந்து பார்த்தபோது கண்ணாடிக்கு அப்பால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் இசையமைப்பாளர், நல்லா இல்லாததைச் சொல்கிற குரலில்.

பல்வலிக்காரர்தான் உடைத்தார். "மேடம் மாதிரியே இருக்கு."

சின்னவள் போட்டுக் கேட்டாள். அப்படியே மேடம். வரி முடிவில் குரலை மடக்குவது, 'ன்டா'வில் ஒரு கொஞ்சல், எல்லாம். இத்தனை வருஷமாக மேடத்துக்குச் சௌகரியமாக இருக்கட்டுமே என்று மேடம் எப்படிப் பாடுவாரோ அப்படியே பாடிப் பாடிப் பழகியவள். ஒழுங்காகப் பாடு என்றதும் ஒழுங்கு என்று அவளுக்குத் தெரிந்த ஒரே குரல் வந்து நின்றுவிட்டது.

மறுபடி பாடினாள், மேடம் இல்லாமல். இந்தத் தடவை மேடமும் இல்லை, அவளும் இல்லை. வங்கியில் போன் எடுத்தால் 'சற்று நேரம் காத்திருக்கவும்' என்று ஒரு பெண் சொல்வாளே, அவள் பாடியது போல் இருந்தது. மூன்றாவது தடவை வேண்டுமென்றே மூக்கைக்கூட உறிஞ்சிப் பார்த்தாள். இசையமைப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்க ட்ராக்கைக் காதுல போட்டு விடட்டுமா?" என்றார் பல்வலிக்காரர். "அதைக் கேட்டு அதே மாதிரி பாடுங்க."

"என்னை நானே காப்பி அடிக்கிறதா சார்?"

"மேடம் அடிக்கலையா?"

காதில் மாட்டிக்கொண்டாள். பாடத்தான் வாயைத் திறந்தாள், பாடவில்லை. ஒருத்தி பை தூக்கிக்கொண்டு படியேறிப் போய்க்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில் பாடினாள். ஓரிடத்தில் சுதி ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. நீள வரிக்குப் பிறகு 'ஹா' என்று மூச்சு வாங்குவது அப்பட்டமாகக் கேட்டது. பாட்டு முடியும் வரை சின்னவள் அசையாமல் நின்றாள்.

"இந்தப் பொண்ணு நல்லா பாடுறா சார்" என்றாள்.

"அதைத்தான் நான் காலைலேருந்து சொல்லிட்டிருக்கேன்" என்றார் பல்வலிக்காரர்.

"சுதி இறங்குதேம்மா அந்த இடத்துல" என்றார் இசையமைப்பாளர்.

"இறங்குது சார். நாலாவது மாடில எல்லாருக்கும் இறங்கும்."

அவர் மோவாயைத் தடவினார். நேரத்தைப் பார்த்தார். "அப்போ இப்ப எடுத்தது எல்லாம்?"

சின்னவள் கண்ணாடி வழியாகப் பல்வலிக்காரரைப் பார்த்தாள். "அழிச்சிடுங்க சார்."

"முதல்ல எடுத்தது சுத்தமா இருந்துதே. நிஜமாவா?"

"வேணும்னா அதை மேடத்துக்கு அனுப்பிடுங்க. அவங்க பாடினதுன்னே வச்சுக்கட்டும். அவங்களுக்கும் முட்டிவலி மிச்சம்."

அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக அழித்தார். கம்பெனிக்காரரை போனில் பிடித்து, "பேசாம கேளுங்க, அப்புறம் பேசுங்க" என்று சொல்லிவிட்டு, இசையமைப்பாளர் போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார். ட்ராக் ஓடத் தொடங்கியது. அங்கே உட்கார்ந்திருக்கச் சின்னவளால் முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டாள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் துடைக்கிற கட்டையை ஊன்றி நின்று காது கொடுத்துக் கேட்டார். அந்தக் கட்டடத்தில் ஸ்டூடியோவோடு ஒரு கூரியர் ஆபீஸும் டைப்பிங் வகுப்பும் இருந்தன. மூன்றுக்கும் பொதுவாகத் துடைப்பவர்.

"நல்லா இருக்கே. யாரு பாடுறது?"

"நான்தான்."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பாடுறவ உள்ள பாடிட்டிருக்கா. நீ இங்க என் எதிர்ல நிக்கிறே. யார்கிட்ட விடுறே கதை?"

சின்னவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவிடுக்கில் பல்வலிக்காரரின் தலை தெரிந்தது. கட்டை விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். பிறகு அடக்க முடியாமல், "அப்படியே போடச் சொல்லிட்டார். அந்த மூச்சோட. மறுபடியும் போடச் சொல்லிக் கேக்குறார்" என்றார்.

"கேட்டீங்களா? நான்தான்" என்றாள் சின்னவள்.

"சரிம்மா, நீயேதான். காலைத் தூக்கு, ஈரம்."

சின்னவள் காலைத் தூக்கினாள். உள்ளே அவள் மூன்றாவது மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.